கட்டைவிரல்

என் இடது கட்டைவிரலில், ரேகைகளுக்குக் குறுக்கே, கால் அங்குலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அலுவலக வாசலில் விரல் வைக்கும்போது பல நாள் அந்த எந்திரம் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும். வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒன்றரை வருடம் இருந்தபோது வாங்கி வந்தது. மற்றவர்கள் சாக்லேட் வாங்கி வருவார்கள்.

அது ஒரு சனிக்கிழமை வகுப்பு. மரக்கட்டையில் செதுக்கிப் படம் அச்சிடும் கலை, வுட் என்கிரேவிங். எனக்கும் மரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பொறியியல் முதலாமாண்டு பட்டறை வகுப்பில் மரத்துண்டை அரத்தால் தேய்த்துத் தேய்த்து மதிப்பெண் வாங்கியதோடு சரி. வெளியே விடாத மழை, வார நாள் முழுக்கத் திரை, ஏதாவது கையால் செய்தால் தேவலை என்று போனேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தார். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கட்டை. கண்ணாடிபோல வழவழப்பான மேல்பரப்பு, அதில் கருப்பு மசி தடவியிருந்தது. காளான் தலைபோல ஒரு கைப்பிடி வைத்த எஃகுக் கருவி. அவர் கொடுத்த பாடம் மொத்தமும் ஒரே வரிதான்: "கையைத் திருப்பாதீங்க, கட்டையைத் திருப்புங்க."

இருபது நிமிடம் கழித்து நான் கையைத் திருப்பினேன். கருவி வழுக்கி இடது விரலில் ஏறியது. அவர் ஓடிவந்து முதலில் கட்டையில் பட்ட ரத்தத்தைத் துடைத்தார். பிறகுதான் எனக்குப் பிளாஸ்திரி. கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. கட்டை விலை கூடியது, விரல் தானாகவே ஆறிவிடும். அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருநூற்றைம்பது வருட வரலாறு இருப்பது எனக்கு அப்போது தெரியாது.

மரத்தில் உளி வைத்தவர்களுக்கு முதலில் புரிவது, மரத்துக்கு ஒரு திசை உண்டு என்பதுதான். நார் போகிற திசையில் வெட்டினால் உளிக்கு முன்னாலேயே மரம் பிளந்துகொண்டு ஓடும், நாம் நிறுத்த நினைத்த இடத்தில் நிற்காது. எதிர்த்து வெட்டினால் சிலாம்பு எழும்பும். குறுக்கே வெட்டினால், கருவி கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் நார் அறுபடாமல் கிழியும். ஒரு நேர்கோடு என்றால் சமாளித்துவிடலாம். ஒரு கண்ணை, ஒரு வட்டத்தைச் செதுக்க வேண்டுமென்றால்? ஒரே சுற்றில் இந்த மூன்று வகை எதிர்ப்பையும் கத்தி சந்திக்க வேண்டும். பிசிறு வராமல் வெட்டுவது என்பது பெரும்பாலும் இந்தத் திசைமாற்றங்களைச் சமாளிக்கிற வித்தைதான்.

ஐரோப்பாவில் அச்சுப்படம் தொடங்கிய காலத்தில் பலகை வாக்கில் அறுத்த மரத்தில்தான் செதுக்கினார்கள். பேரி மரம் அதற்குப் பிரபலம். கருவி, கத்தி. இதில் இன்னொரு தலைவலி உண்டு. மரத்தில் மேடாக நிற்பதுதான் மை வாங்கும். அதாவது ஒரு கருப்புக் கோடு வேண்டுமென்றால் அந்தக் கோட்டை வெட்டக்கூடாது. அதன் இரண்டு பக்கத்தையும் வெட்டி, சுற்றியிருக்கும் மரத்தைச் சுரண்டி எடுத்து, கோட்டை ஒரு மெல்லிய சுவர்போல நிறுத்த வேண்டும். ஓவியர் நிழலுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்திருந்தால், கோடுகளுக்கு நடுவே உருவாகும் ஒவ்வொரு குட்டி வைர வடிவத்தையும் நாலு பக்கமும் கீறி நெம்பி எடுக்க வேண்டும். ஓவியர் ஒரு மூச்சில் இழுத்த பத்துக் கோடுகளுக்கு, வெட்டுபவருக்கு அரை நாள் வேலை.

ஆல்பிரெக்ட் டியூரர் வடிவமைத்த மாக்சிமிலியன் பேரரசரின் 'வெற்றி வளைவு' 190-க்கும் மேற்பட்ட கட்டைகளைச் சேர்த்து அச்சிட்ட ராட்சதப் படம். அதை வெட்டியது நியூரம்பெர்கில் ஹியரோனிமஸ் ஆண்ட்ரே என்பவரின் பட்டறை. ஹோல்பைனின் 'மரண நடனம்' வரிசையை வெட்டியவர் ஹான்ஸ் லுட்ஸல்பர்கர். ஒவ்வொரு படமும் ஏறத்தாழ ஆறரைக்கு ஐந்து சென்டிமீட்டர்தான். அதற்குள் எலும்புக்கூடு, அரசன், திரைச்சீலை, முகத்தில் பயம், எல்லாம் இருக்கும். அவர் 1526-இல் இறந்துபோனார். ஆகவே பலகைவாக்கு மரத்தில் நுட்பம் முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முடியும், ஆனால் அதற்கு லுட்ஸல்பர்கர் வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்த யோசனை கேட்டால் 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். நம் ஊர் கறிக்கடையில் ஒரு புளியமரக் கட்டை இருக்குமே, நினைவிருக்கிறதா? அது படுக்கவைத்த மரம் இல்லை. அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, வட்டமுகம் மேலே தெரியும்படி நிறுத்தியது. பல வருடம் அரிவாள் விழுந்தும் அது பிளப்பதில்லை, இறைச்சியில் சிலாம்பு ஏறுவதில்லை. நார்கள் அத்தனையும் செங்குத்தாக நிற்கின்றன. அரிவாள் அவற்றின் நுனிமேல்தான் விழுகிறது. ஈர்க்குமாற்றுக் கட்டின் பக்கவாட்டில் விரலைத் தேய்ப்பதற்கும், அதன் வெட்டிய அடிமுனையில் தேய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். பக்கவாட்டில் ஒரு திசை உண்டு. முனையில் திசையே கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான்.

அப்படிக் குறுக்கே அறுத்த முகத்தில் நுண்ணிய படம் செதுக்க, இடைவெளியே இல்லாமல் நார் நெருங்கிய மரம் வேண்டும். பாக்ஸ்வுட் அப்படிப்பட்டது. வெளிர்மஞ்சள் நிறம், தந்தம்போல இழை. ஐரோப்பியத் தோட்டங்களில் வேலிக்காக வெட்டிவிடும் புதர்ச்செடியும் இதே இனம்தான். கருங்கடல், காகசஸ் பக்கங்களில் அது மரமாகவே வளர்கிறது, அதுவும் மிக மிக மெதுவாக. பச்சைக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அடிமரம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பருத்தாலே பெரிய விஷயம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். (ஹார்டுவுட் என்ற சொல்லைத் தாவரவியலாளர்கள் இலையகன்ற மரம் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் பஞ்சுபோன்ற பால்சாவும் ஹார்டுவுட்தான். நான் சொல்வது நம் ஊரில் 'வைரம் பாய்ந்தது' என்கிறோமே, நகம் பதியாத அந்தக் கடினத்தை.)

இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர் தாமஸ் பியூயிக் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தவறு. அவருக்கு முன்பே குறுக்குவெட்டு பாக்ஸ்வுட்டில் செதுக்கினார்கள், பெரும்பாலும் மலிவான புத்தகங்களுக்கு, மோசமாக. பியூயிக் செய்தது, அந்த மரத்தால் என்ன முடியும் என்று காட்டியது.

1753-இல், நியூகாசிலுக்கு மேற்கே டைன் நதிக்கரையில், செரிபர்ன் என்ற சிறு பண்ணைவீட்டில் பிறந்தவர். அப்பா குத்தகைக்குச் சின்ன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை நடத்தினார். பதினான்கு வயதில், 1767-இல், நியூகாசிலில் ரால்ஃப் பெயில்பி என்ற செதுக்குக்காரரிடம் பையனைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டறையில் எடுக்காத வேலையே கிடையாது. கடிகார முகப்பு, வெள்ளிக் கரண்டியில் பெயர், முத்திரை, வாளில் எழுத்து, கதவுப் பலகை, சவப்பெட்டித் தகடு. எல்லாம் உலோகம். எப்போதாவது வருகிற மரவேலை பெயில்பிக்குப் பிடிக்காது. பையன் தலையில் கட்டிவிடுவார். சார்லஸ் ஹட்டன் என்ற கணித ஆசிரியரின் அளவையியல் புத்தகத்துக்கான வடிவியல் படங்கள் அப்படித்தான் பியூயிக் கைக்கு வந்தன. யாருக்கும் வேண்டாத வேலை புதுசாகச் சேர்ந்த பையனுக்கு. எங்கள் தொழிலிலும் அதுதான் வழக்கம்.

ஆனால் அந்தப் பையன் உலோகத்தில் பழகிய கருவியோடு மரத்துக்கு வந்தான். கத்தியோடு இல்லை. கிரேவர் என்கிற எஃகுக் கம்பி. சதுரமாகவோ சாய்சதுரமாகவோ இருக்கும், நுனியைச் சாய்வாகச் சாணை பிடித்திருப்பார்கள். செம்புத் தகட்டில் தள்ளினால் சுருள்சுருளாகச் செம்பை எடுத்துக்கொண்டு போகும். குறுக்குவெட்டு பாக்ஸ்வுட்டுக்குத்தான் திசையே இல்லையே, அது கிட்டத்தட்ட உலோகம்போல நடந்துகொள்ளும். செம்பில் ஓடியதுபோலவே மரத்திலும் அந்தக் கருவி எந்தத் திசையிலும் ஓடியது.

இனி நான் விரலை வெட்டிக்கொண்டு கற்ற பகுதி. கைப்பிடி உள்ளங்கைக் குழியில் உட்கார வேண்டும். தள்ளும் விசை அங்கிருந்துதான், விரல்களிலிருந்து இல்லை. எஃகுக் கம்பி ஆள்காட்டி விரலை ஒட்டி நீளும். வலது கட்டைவிரலின் நுனி கட்டையின்மேல் ஊன்றி அசையாமல் நிற்கும். கருவி அதை உரசிக்கொண்டு முன்னே போகும். கட்டைவிரல்தான் பிரேக். அது ஊன்றியிருக்கும்வரை கருவி அதிகபட்சம் அரை அங்குலத்துக்குமேல் ஓட முடியாது. கட்டைக்கு அடியில் மணல் நிரப்பிய தோல் மெத்தை. இடது கை கட்டையைப் பிடித்து அந்த மெத்தைமேல் சுழற்றும். வளைகோடு வேண்டுமென்றால் கருவி நேராகவே போகும், கட்டை அதற்குக் கீழே திரும்பும். வட்டம் போடுவது கருவி இல்லை, கட்டை. ஓலையில் எழுதிய நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. எழுத்தாணி பிடித்த கை பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். இடது கட்டைவிரல் நகத்தில் பள்ளம் வைத்து அதில் எழுத்தாணியைச் சாய்த்துக்கொண்டு, ஏட்டைத்தான் நகர்த்துவார்கள்.

கருவியைச் சற்றே நிமிர்த்தினால் ஆழம் கூடும். நுனி ஆங்கில எழுத்து வி வடிவம் என்பதால் ஆழம் கூடினால் அகலமும் கூடும். ஆகவே ஒரே தள்ளலில் மயிரிழையாகத் தொடங்கிப் பருத்து மீண்டும் மெலிகிற கோடு கிடைக்கும். அதிகம் நிமிர்த்தினால் மரத்தில் குத்தி நின்றுவிடும். அதிகம் தாழ்த்தினால் வழுக்கும், என் விரல் சாட்சி. மழுங்கிய கருவி மரத்தை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய விளிம்பு அச்சில் சாம்பல் நிறப் பிசிறாகத் தெரியும். கூர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தின்மேல் லேசாக வைப்பார்கள். சறுக்கினால் திரும்பவும் எண்ணெய்க் கல்லுக்குப் போக வேண்டும். வகுப்பு மூன்று மணி நேரம் என்றால் அதில் ஒரு மணி நேரம் நாங்கள் தீட்டிக்கொண்டே இருந்தோம். இன்னொரு நுட்பமும் உண்டு. நிற்கிற கோட்டின் சுவர்கள் கீழே போகப்போக அகலமாக வேண்டும், மலைபோல. உள்வாங்கி வெட்டிவிட்டால் அச்சுப்பொறியின் அழுத்தத்தில் கோடு ஒடிந்துவிடும். தப்பாக வெட்டிவிட்டால்? அந்த இடத்தைத் துளையிட்டு, அதே மரத்தில் ஒரு முளை அடித்து, சமமாகச் சீவி, மறுபடி செதுக்க வேண்டும். கன்ட்ரோல்-இசட் உண்டு, ஆனால் அரை நாள் ஆகும்.

இத்தனை நுட்பத்தையும்விட முக்கியமானது பியூயிக்கின் கணக்கு. பழையவர்கள் கருப்புக் கோட்டைப் பாதுகாத்தார்கள் என்றேன். பியூயிக் அதைத் தலைகீழாக்கினார். கருவி போட்ட தடம்தான் கோடு. அது அச்சில் வெள்ளையாக விழும். கரும்பலகையில் சாக்பீஸால் வரைவதுபோல, முழு இருட்டிலிருந்து தொடங்கி வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டே போவது. யாரோ வரைந்த கோட்டைச் சுற்றிச்சுற்றி வெட்டத் தேவையில்லை. வெட்டுவதும் வரைவதும் ஒரே செயல். 1790-இல் வந்த 'நாற்கால் விலங்குகளின் பொது வரலாறு', பிறகு 1797, 1804-ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த 'பிரிட்டிஷ் பறவைகளின் வரலாறு' இரண்டும் இப்படி வந்தவை. பறவை நூலுக்காகப் பாடம் செய்து அடைத்த உடல்களைப் பார்த்து வரைய 1791-இல் விக்ளிஃப் என்ற ஊருக்குப் போனவர், அவற்றின் விறைப்பு பிடிக்காமல், முடிந்தவரை உயிருள்ளதையோ அப்போதுதான் சுட்டு விழுந்ததையோ பார்த்தே வேலை செய்தார். ஆந்தையின் மார்பில் இறகு ஒவ்வொன்றும் ஒரு தள்ளல். தூரத்து மரங்கள் மங்கலாக விழ வேண்டும் என்பதற்காக, செதுக்குவதற்கு முன்பே கட்டையின் அந்தப் பகுதியை மயிரிழை அளவு சுரண்டித் தாழ்த்திவிடுவார். அங்கே அழுத்தம் குறையும், மை குறைவாக ஒட்டும், காட்சிக்குள் காற்று வந்துவிடும். சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' தொடக்கத்தில் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்தச் சிறுமி பார்ப்பது இந்தப் பறவைப் புத்தகத்தைத்தான்.

பறவைகளைவிட எனக்குப் பிடித்தது அத்தியாய முடிவுகளில் மிஞ்சிய வெற்றிடத்தில் அவர் போட்ட குட்டிப் படங்கள். மழையில் நனைகிற பிச்சைக்காரர், சுவரோரம் ஒன்றுக்குப் போகும் ஆள், ஆற்றைக் கடக்கும் மனிதர்கள். பல படங்கள் இரண்டு மூன்று அங்குலம்தான். அவற்றில் ஒன்றில் ஒரு குடிசைக் காட்சி இருக்கிறது. அதன்மேல் யாரோ மைக்கையை வைத்துக் கெடுத்துவிட்டதுபோல ஒரு பெரிய விரல் ரேகை. அச்சகத்துப் பையனின் கவனக்குறைவு என்று முதலில் தோன்றும். இல்லை, ரேகையும் செதுக்கியதுதான். அவருடைய ரேகை. 1818-இல் வந்த ஈசாப் கதைகள் புத்தகத்துக்கான ரசீதுகளிலும் தன் கட்டைவிரல் ரேகையைச் செதுக்கி அச்சிட்டுத் தந்தார், போலி வராமலிருக்க.

எங்கள் வீட்டில் 'கைநாட்டு' என்பது வசவு. என் அப்பத்தா ரேஷன் கடையில் உருட்டி வைத்த நீலமை விரலை முந்தானையில் மறைத்துக்கொள்வார். எழுதத் தெரியாதவரின் அடையாளம் அது. இங்கே, தன் காலத்தின் ஆகச்சிறந்த செதுக்குக்காரர், எழுத்தும் படமும் தெரிந்தவர், கையெழுத்தின் இடத்தில் பிரேக்காக ஊன்றிய விரலையே வைக்கிறார். அந்தப் படத்தைப் பெருக்கிப் பார்த்தபோது பிளாஸ்திரி போட்ட என் விரலையும் பார்த்துக்கொண்டேன்.

மரம் பழிவாங்கிய கதையும் ஒன்று உண்டு. 1789-இல் சில்லிங்ஹாம் காட்டுக்காளை என்ற பெரிய படத்தைச் செதுக்கினார். அவரே தன் சிறந்த வேலையாக எண்ணியது. சில பிரதிகள் எடுத்ததோடு கட்டை வெடித்துவிட்டது. வெயில் படும் இடத்தில் விட்டுவிட்டார்கள் என்கிறார்கள். பின்னாளில் உலோகச் சட்டம் போட்டு இறுக்கி அச்சிட்டார்கள், ஆனாலும் அந்த முதல் சில பிரதிகள் பொக்கிஷமாகிவிட்டன. திசையில்லாத மரம் என்று சொன்னாலும் ஈரமும் சூடும் அதற்குத் தெரியும். இன்னொரு பக்கம், நியூகாசில் செய்தித்தாள் ஒன்றுக்குச் செதுக்கித் தந்த கட்டை ஒன்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சிட்ட பிறகும் உழைத்துக்கொண்டிருந்ததாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். செம்புத் தகடு சில ஆயிரத்திலேயே தேய்ந்துவிடும். மரக்கட்டையையோ அச்செழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி ஒரே அழுத்தில் அச்சிடலாம்.

பியூயிக் 1828-இல் இறந்தார். பிறகு நடந்தது வேறு கதை.

அவர் மாணவர் வில்லியம் ஹார்வி 1817-இல் லண்டனுக்குப் போனார். ஹேடன் என்ற ஓவியரின் 'டென்டேட்டஸின் கொலை'யைப் பல துண்டுகளைச் சேர்த்த பெரிய கட்டையில், செம்புச் செதுக்கலின் பின்னல் நிழல்களையெல்லாம் நகலெடுத்து, அபாரமாகச் செய்தார். மாஸ்டர் வேலைதான். ஆனால் எதை நிரூபிக்க? வேறொரு கலையைப் போலத் தெரிய முடியும் என்பதை. கொஞ்ச காலத்தில் ஹார்வி செதுக்குவதையே விட்டுவிட்டுக் கட்டையில் வரைந்து கொடுப்பவராக மாறினார். வெட்டுவது வேறு ஆட்கள். பியூயிக் ஒன்றாக்கிய இரண்டு வேலைகள் அவர் மாணவர் கையிலேயே மறுபடி பிரிந்தன.

1842 மே மாதம் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழ் தொடங்கியது. வாரம் தவறாமல் டஜன் கணக்கில் படங்கள் வேண்டும். சாப்பாட்டுத் தட்டு மரத்திலிருந்து முழுப்பக்கப் படத்துக்கான கட்டை எப்படி வரும்? ஒட்டித்தான் செய்ய வேண்டும். 1860 வாக்கில் லண்டன் கட்டை வியாபாரி சார்லஸ் வெல்ஸ், சிறு துண்டுகளைப் பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கி, வேண்டும்போது கழற்றும்படியான கட்டைகளை விற்றார். ஓவியர் முழுக் கட்டையில் படத்தை வரைவார். தலைமைச் செதுக்குக்காரர் முதலில் இணைப்பு ஓரங்களைத் தாண்டிப் போகும் கோடுகளை மட்டும் வெட்டுவார், துண்டுகள் மீண்டும் சேரும்போது கோடு கோட்டோடு பொருந்த வேண்டும் இல்லையா. பிறகு போல்ட்டைக் கழற்றித் துண்டுகளைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையால் விளக்கொளியைக் குவித்து வைத்துக்கொண்டு, ஒருவர் கப்பலின் பாய்மரத்தில் பாதி, ஒருவர் வெறும் வானம், ஒருவர் கூட்டத்தில் யாரோ ஒருவரின் முதுகு. காலையில் இறுக்கிச் சேர்த்து, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்தால் படம் தயார். வானத்துக்கென்றே, முகத்துக்கென்றே தனித்தனி ஆட்கள் உருவானார்கள். தன் துண்டு எந்தப் படத்தின் பகுதி என்பது வெட்டியவர் எல்லோருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. இணைப்பு ஓரங்களை முதலில் தீர்மானித்துவிட்டு உள்பகுதிகளை இணையாகப் பிரித்துக் கொடுப்பது என் தினசரி வேலை. ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது அந்த ஒற்றுமை இல்லை. இவ்வளவும் சாத்தியமானது எதனால்? குறுக்குவெட்டு மரத்துக்குத் திசை கிடையாது என்பதால். பலகைவாக்கு மரத்தில் வெட்டியவரின் கை, நாரோடு போட்ட சண்டை, கோட்டில் தெரியும். திசையற்ற மரத்தில், நன்றாகத் தீட்டிய கருவியில், பயிற்சி பெற்ற பத்துப் பேர் வெட்டினால் பத்துத் துண்டும் ஒன்றுபோல இருக்கும். பியூயிக்கின் கையை விடுதலை செய்த அதே குணம்தான் அடுத்த தலைமுறையின் கைகளை ஒன்றுக்கு இன்னொன்று மாற்றாக வைக்கலாம் என்று ஆக்கியது. பிசிறு இல்லாமல் போனதும் ஆளும் இல்லாமல் போனான்.

எங்கள் தொழிலில் நாரை ஒழித்தது நாங்களேதான். பன்னிரண்டு வருடம் முன்பு வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு கோப்பைத் திறந்தால் யார் எழுதியது என்று சொல்லிவிட முடியும். ஒருவர் மாறிகளுக்கு நீளநீளமாகப் பெயர் வைப்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் ஒரே வரியில் முடிப்பார். பிறகு நடை விதிகள், சேமிக்கும்போதே எல்லோர் வரிகளையும் ஒரே மாதிரி சீவிவிடும் கருவிகள், ஒருவரை ஒருவர் திருத்தும் சடங்கு. நானே அவற்றுக்காக மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன், இன்றும் அது சரி என்றே நினைக்கிறேன். சுத்தமான நிரல் நல்லதுதான். போன வருடம் எங்கள் குழு பதினான்கிலிருந்து ஆறு ஆனது. மீதி வரிகளை எழுதுவதற்கு இப்போது ஆள் தேவையில்லை. பக்கத்து இருக்கை நண்பர் போனபிறகு அவர் எழுதிய பகுதிகள் எவை என்று தேடினேன். வரலாற்றுப் பதிவில் பெயர் இருந்தது. வரிகளில் எங்கும் அவர் இல்லை. நான் மிச்சமிருக்கிறேன், ஓரத்துக் கோடுகளை வெட்டுபவனாக.

இதைப் பொற்காலப் புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பியூயிக்கின் பட்டறையும் தனி ஆளின் குகை இல்லை. பறவை நூலின் இரண்டாம் பாகத்தில் பல குட்டிப் படங்களை வெட்டியது லூக் கிளென்னெல் என்ற மாணவர். ராபர்ட் ஜான்சன் என்ற இன்னொரு மாணவர் வரைந்து தந்தவையும் உண்டு. அட்டையில் பெயர் பியூயிக்குடையது. அந்தக் கட்டைவிரல் ரேகைக்குக் கீழே வேறு சில விரல்களும் இருந்தன. அதேபோல, பெயரில்லாத வாரப் பத்திரிகைச் செதுக்கல்கள் எல்லாம் குப்பையும் இல்லை. வின்சென்ட் வான் கோ காசில்லாத நாட்களில் 'கிராஃபிக்', 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பக்கங்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்தார். அந்தக் கருப்பு வெள்ளையிலிருந்து கற்றுக்கொண்டார்.

வரைந்தவர்களுக்கும் வெட்டியவர்களுக்கும் சண்டையும் ஓயவில்லை. நார்தம்பர்லாந்திலிருந்து போன டால்ஸியல் சகோதரர்கள் லண்டனில் மிகப் பெரிய செதுக்குப் பட்டறையை நடத்தினார்கள். அவர்கள் வேலையின் மாதிரி அச்சுகள் 54,000 அளவுக்கு இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1855-இல் தான்தே கேப்ரியல் ரோசெட்டி தன் படம் ஒன்றை அவர்கள் வெட்டியதைப் பார்த்துக் கொதித்துப்போனார். அவர் கட்டையில் பென்சில், மை, கழுவிய சாயம் எல்லாம் கலந்து வரைந்திருந்தார். வெட்டுபவர் அதைக் கோடாக மொழிபெயர்த்தே ஆக வேண்டும். மேலும், வெட்ட வெட்ட மூல ஓவியம் அழிந்துவிடும். யார் சொல்வது சரி என்று பார்க்க ஆதாரமே மிஞ்சாது. 1860-களில் படத்தைப் புகைப்படமாகக் கட்டையில் பதிக்கும் முறை பரவிய பிறகுதான் மூலம் பிழைத்தது. தங்கள் சண்டையைத் தீர்க்க வந்த அந்தப் புகைப்படம்தான் முப்பது வருடத்தில் மரக்கட்டையையே துரத்தப்போகிறது என்று செதுக்கியவர்கள் அப்போது நினைத்திருப்பார்களா? 1880-களில் ஹாஃப்டோன் வந்தது, புள்ளிகளாக உடைத்த புகைப்படத்தை உலோகத் தகட்டில் அமிலம் அரித்துத் தரும். 1893-இல் டால்ஸியல் பட்டறை திவாலானது.

வேலை போனதும் கலை திரும்பியது. 1920-இல் லண்டனில் சில ஓவியர்கள் சேர்ந்து மரச்செதுக்கர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயல் ரூக், எரிக் கில், க்வென் ராவெராட், ராபர்ட் கிப்பிங்ஸ். வரைவதும் வெட்டுவதும் ஒரே ஆள் என்பது அவர்கள் பிடிவாதம். எனக்குப் பாடம் நடத்திய அம்மா அந்த வழி வந்தவர். அந்தக் கலையால் யாரும் வயிறு கழுவ வேண்டியதில்லை என்று ஆன பிறகு பியூயிக்கின் வழி மீண்டது. இதில் ஆறுதல் கொள்வதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ராத்திரி வானம் வெட்டிய ஆட்களுக்கு 1920-இல் யாரும் சங்கம் வைக்கவில்லை.

நியூகாசிலை விட்டுக் கிளம்பும் முன் செயின்ட் நிகோலஸ் தேவாலயத்தின் பின்புறம் போனேன். பியூயிக்கின் பட்டறை இருந்த மூலை அது. கட்டடம் இல்லை, அவர் நினைவாகச் சுவரில் ஒரு அடையாளம் மட்டும். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, மழை வரவே, ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

ஆலிஸின் கதையை எல்லோருக்கும் தெரியும். 1865 பதிப்பில் ஜான் டென்னியல் வரைந்த 42 படங்களையும் வெட்டியது டால்ஸியல் பட்டறை. கட்டைகள் தேயக்கூடாது என்பதால் அவற்றை வைத்து அச்சிடவில்லை. மெழுகில் அச்செடுத்து, அதில் செம்பு படியவைத்து, அந்தச் செம்பு நகலிலிருந்து அச்சிட்டார்கள். மூலக் கட்டைகள் காணாமல் போய்விட்டன என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1985-இல் லண்டனில் ஒரு வங்கியின் பாதுகாப்பு அறையில் அவை கிடைத்தன. சில ஆண்டுகள் கழித்து அவற்றிலிருந்தே நேரடியாகப் பிரதிகள் எடுத்தார்கள். நூற்றிருபது வருடப் பதிப்புகளில் கலங்கியிருந்த கோடுகள் அதில் பிசிறில்லாமல் விழுந்திருக்கின்றன. படங்களின் அடியில் இரண்டு அடையாளங்களைப் பார்க்கலாம். டென்னியலின் பெயரெழுத்துகளைப் பின்னிய முத்திரை ஒன்று. டால்ஸியல் என்ற பட்டறைப் பெயர் இன்னொன்று. செஷயர் பூனையின் பல்லை வெட்டியவர் யாரென்று அதில் இல்லை.